பக்கத்து நாற்காலி

அக்காவுக்கு,

‘நலமா’ என்று எழுதி அடித்துவிட்டேன். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் வக்கீலம்மா ஒரு தினுசு. எதைக் கேட்பதற்கு முன்பும், “இப்ப இதைப் பத்திக் கேக்கலாமா?” என்பார். கதவு திறந்திருக்கட்டுமா, எந்த நாற்காலி வேண்டும், எல்லாம் என் இஷ்டம். துணிக்கடையில்கூட யாரும் என்னை இவ்வளவு கேட்டதில்லை.

நேற்று கோர்ட்டில் நான் அத்தானைப் பார்க்காமல் இருக்க நடுவில் திரை வைத்திருந்தார்கள். உன் வீட்டில் தங்கியிருந்த நாட்களைப் பற்றி நன்றாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், யாருக்கோ நடந்ததுபோல. திரைக்கு அந்தப் பக்கம் அவர் இருமினார். உடனே ஒரு குரல், “கொஞ்சம் தண்ணி குடிங்க” என்றது.

எனக்குக் காய்ச்சல் வந்தால் கேட்கும் அதே குரல். உன் குரல்.

அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு வரவில்லை. அழுகையும் வரவில்லை. மடியில் கிடந்த கை என்னுடையது மாதிரியே இல்லை. வக்கீலம்மா நீதிபதியிடம் கேட்டு என்னை வெளியே அழைத்து வந்தார்.

“அவர் இருமினதாலயா?”

ஆமாம் என்று தலையாட்டினேன். உன்னைப் பற்றிச் சொல்லவில்லை.

அடுத்த முறை துணைக்கு ஒருவர் என் பக்கத்தில் உட்காரலாமாம். “யாரு கூட இருந்தா உங்களுக்குத் தெம்பா இருக்கும்?” என்று கேட்டார். யோசிப்பதற்குள் வாய் ‘அக்கா’ என்றுவிட்டது. சின்ன வயதுப் பழக்கம். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டார்.

நானும் மாற்றச் சொல்லவில்லை. திங்கட்கிழமை அந்த நாற்காலியைப் போட்டுவைப்பார்கள்.

இன்னமும்,
உன் தங்கை