பிடரியில் வைத்த லேஸ்

பிப்ரவரி 3

நான் அப்போதே சொன்னேன். பாரிஸிலிருந்து ஒருத்தி பெரினைத் தேடிக்கொண்டு இந்தக் கலே ஊருக்கு வருவாள் என்று கிறிஸ்துமஸ் விருந்தில், மட்டிக் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு, எல்லோர் எதிரிலும் சொன்னேன். என் தங்கை சிரித்தாள். இன்று அவள் மகள் பெரினுக்கு ஃபோன் வந்துவிட்டது. பெரிய கடையாம். பணக்காரக் கல்யாணப் பெண்களுக்கு உள்ளாடை விற்கிறவர்கள். இப்போது சிரிக்கட்டும்.

"மாமா, நீங்க சொன்னது ஜப்பான்லேருந்து வருவாங்கன்னு" என்றாள் பெரின்.

ஜப்பான்காரனும் பாரிஸில் இறங்கித்தானே வரவேண்டும்?

பிப்ரவரி 5

பெரினின் பட்டறைக்குப் போனேன். லேஸில் ஒவ்வொரு இதழின் ஓரமாகவும் சின்னக் கத்தரிக்கோலால் சுற்றி வெட்டிக்கொண்டிருந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வெட்டுவாள். ஒரு இழை தவறினால் அந்தப் பூவே அவிழ்ந்துவிடும். ஒரு பிரா முடிய நாள் கணக்காகும். எல்லாம் கைத்தையல்.

இந்த ஆர்டர் கிடைக்காவிட்டால் ஈஸ்டருக்குள் பட்டறையை மூடிவிட்டு, பழைய தொழிற்சாலைக்கே திரும்ப வேண்டும். மேற்பார்வையாளன் முகத்தில் கத்தரிக்கோலை எறிந்துவிட்டு வந்த இடம் அது. (மேஜையில் வைத்துவிட்டு வந்தேன் என்கிறாள். வைப்பதிலும் ஒரு எறிதல் உண்டு.)

பிப்ரவரி 9

பாரிஸ் கடையிலிருந்து மதாம் ரூவியே என்கிறவள் வந்தாள். பெரின் தைத்ததைத் தூக்கிப் பார்த்து, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, "அற்புதம்" என்றாள். அப்புறம்தான் விஷயம். தையல் இப்படியே இருக்கலாம், லேஸ் மட்டும் வேறாம். நம் ஊர்த் தறி லேஸ் வேண்டாமாம். எங்கோ மெஷினில் சரசரவென்று பின்னித் தள்ளுகிற சரக்கு போதுமாம். உள்ளே தைக்கிற லேபிளிலும் கடை பெயர் மட்டும்.

"வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகுது?" என்றாள்.

"எனக்குத் தெரியும்" என்றாள் பெரின்.

"உங்களுக்குத் தெரிஞ்சு என்ன? போடறது நீங்க இல்லையே."

வெள்ளிக்கிழமை இரண்டு லேஸையும் கொண்டுவருகிறேன், முடிந்தால் வித்தியாசத்தைக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். என் தங்கை, "அவ சொல்றபடியே செஞ்சுடேன்டி" என்று அழுதாள். நான் மேஜையில் ஒரு குத்து விட்டேன். சிக்கரிக் காபி கொட்டியது.

பிப்ரவரி 10

பெரின் சாப்பிடவில்லை. அவள் பங்கையும் நானே சாப்பிட்டேன்.

பிப்ரவரி 13

இன்று நடந்த வீரத்தை எழுதப் பக்கம் போதாது.

மதாம் இரண்டு துண்டுகளை மேஜையில் போட்டாள். இரண்டும் வெள்ளை. இரண்டிலும் ஒரே ரோஜாக்கொடி.

"கண்ணைக் கட்டிக்கிட்டு இந்தப் பட்டறையில யாராவது எது எதுன்னு சொல்லட்டும். சொல்லிட்டா உங்க லேஸ், உங்க பேரு. இல்லன்னா என் லேஸ், என் பேரு."

"சரி" என்றாள் பெரின்.

நான் எழுந்தேன். "மதாம், ஆயுசு பூரா லேஸ் தறியில நின்னவன் நான். கட்டுங்க."

கறுப்புப் பட்டால் கட்டினார்கள். நான் காலரை இறக்கினேன். "விரல்ல வேண்டாம், பிடரியில வைங்க. உள்ளாடைய யாரும் விரல்ல போட்டுக்கறதில்ல" என்றேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

முதல் துண்டு எறும்பு ஊர்ந்தது போல. இரண்டாவது, வைத்ததே தெரியவில்லை. "இதுதான் எங்க ஊரு" என்றேன். மதாம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். ஒருமுறைகூடத் தப்பவில்லை. மதாம் முகம் திரிந்த பாலாகிவிட்டது. "மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 14

எர்வேயின் கஃபேயில் முழுவதையும் சொன்னேன். கடலில் போகிற கப்பல்கூட நின்று கேட்டிருக்கும்.

"உன் பிடரியிலயா? அங்க எருமைத் தோல் இல்ல இருக்கு" என்றான் எர்வே.

"அந்தத் தோலுக்கே தெரிஞ்சுதுன்னா லேஸ் எப்பேர்ப்பட்டதுன்னு பாத்துக்கோ" என்றேன். ஒரு கிளாஸ் ஊற்றினான்.

பிப்ரவரி 21

ஃபோன் வந்தது. தறி லேஸுக்குச் சம்மதமாம், ஆனால் பெரின் பெயர் மட்டும் வேண்டாமாம். என்ன நியாயம் இது? பேச்சுன்னா பேச்சு இல்லையா? பாரிஸ்ல பொறந்தா நாக்கு ரெண்டா?

நான் கத்திக்கொண்டிருந்தேன். பெரின் கத்தவில்லை. "மதாம், அன்னிக்கு என் பேரையும் சேத்துத்தான் பந்தயம் வச்சோம். பாதி தோத்தேன்னு சொல்ல முடியாது. பேரு இல்லன்னா துணியும் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஃபோனை வைத்தாள். ஊசியில் நூல் கோத்தாள். முதல் தடவையிலேயே கோத்துவிட்டாள்.

என் தங்கை மறுபடி அழுதாள். நான் குத்த மேஜை தேடினேன். எல்லாவற்றிலும் லேஸ் விரித்திருந்தது.

பிப்ரவரி 26

ஒன்றும் வரவில்லை. வருவார்கள். நான் சொல்கிறேன்.

மார்ச் 12

வந்தார்கள், பெயருக்கும் சம்மதமாம். லேபிள் தைத்தாயிற்று. கடை பெயருக்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'பெரின், கலே'. இன்று முதல் பட்டறையில் இன்னொரு நாற்காலி. அதில் உட்கார்ந்து தைக்க ஒரு பெண் வந்திருக்கிறாள். என் தங்கை இப்போது சந்தோஷத்தில் அழுகிறாள். அழுகை அதேதான்.

மாலையில் பெரின் கேட்டாள், "மாமா, எர்வே கடையில நீங்க சொன்ன கதை ஊரெல்லாம் ஓடுதாமே?"

"ஓடட்டுமே."

"ஓடட்டும்" என்று சிரித்தாள். என்னைத் திருத்தவில்லை.

அதனால் இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன். பதின்மூன்றாம் தேதி எழுதியதில் ஒரே ஒரு இடம் கைச்சரக்கு. கண்ணைக் கட்டிக்கொள்ள முதலில் எழுந்தது நான்தான், அது சத்தியம். ஆனால் நான் விரலால்தான் தொட்டேன். முரடாக இருந்ததைப் பிடித்து "இதுதான் எங்க ஊரு" என்றேன். மதாமின் மெஷின் சரக்கு அது. நான் என்ன செய்ய? தறியில் இருந்து இறங்கும்போது நம் லேஸ், தறிக்கு மசகாகப் போடுகிற கரித்தூள் ஏறி, விறைத்து, முரடாகத்தான் இருக்கும். தறிக்காரன் தொடுவது அதைத்தான். கழுவின பிறகு அது எங்களிடம் வருவதில்லை. மதாம் சிரித்தாள். பட்டறை அந்த நிமிடமே போயிருக்கும். பெரின்தான் என் கண்ணிலிருந்து துணியை அவிழ்த்துத் தன் கண்ணில் கட்டிக்கொண்டாள், பட்டறையில யாராவதுன்னுதானே சொன்னீங்க என்று. விரலைப் பற்றிய அந்த வார்த்தை அவளுடையது. பிடரியும் அவளுடையது.

மற்றதெல்லாம் நடந்தபடியே எழுதியிருக்கிறேன். கப்பலைத் தவிர.