வெல்லம் போட்ட சாம்பார்

எலெக்ட்ரானிக் சிட்டி,
பெங்களூரு.

அன்புள்ள செண்பகம்,

நீயும் பிள்ளைகளும் நலம்தானே? உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். நெற்றியில் நான்கு தையல் மட்டும். பயப்படாதே.

எட்டு மாதமாகக் கறி, மீன் எதையும் நான் தொடவில்லை. சர்க்கரை இறங்கியிருக்கும் என்று நிமிர்ந்து போய் டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஏறியிருந்தது.

"கறிய விட்டீங்க, சரி. பதிலுக்கு என்ன சாப்ட்டீங்க?" என்றார்.

மூன்று வேளையும் ஹாஸ்டலின் வெள்ளைச் சோறும் சாம்பாரும்தான். கீரையும் பயறும் கண்ணில் பட்டதேயில்லை. மீனால் சர்க்கரை ஏறாது என்றும் சொன்னார்.

ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்தால், சமையல்காரர் மஞ்சுநாத் சாம்பாரில் கை நிறைய வெல்லம் போடுகிறார். அந்தத் தித்திப்பைப் பரங்கிக்காய் என்றே நம்பியிருந்தேன்.

"வெல்லம் இல்லாம சாம்பாரா குரு?" என்று சிரித்தார். இங்கே கூட்டாளியை 'குரு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

அண்டாவை எட்டி உதைத்தேன். கொதிக்கும் சாம்பார் அவர் காலில் கொட்டியது. அவர் கரண்டியால் என் நெற்றியைப் பிளந்தார். நான் அவர் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு நெரித்தேன். நான்கு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டேன்.

அவர் கண்ணில் இருந்த பயம் எனக்குத் தெரிந்த பயம். காணும் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, மீனை விட்டவனுக்கு மீனா என்று நீ வைத்த மீன் குழம்புத் தட்டைச் சுவரில் அடித்தேனே, அன்று உன் கண்ணில் பார்த்தது.

கொஞ்சம் பச்சைப்பயறும் கொள்ளும் அனுப்பு. சுவரில் அந்தக் குழம்புக் கறை இருந்தால் விட்டுவை, நான்தான் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

கம்பெனி கேப் வந்துவிட்டது. நான் வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் எழுது.

கோதண்டம்