கழற்றி வைத்த விசிறி

அத்தான்,

இன்று மதியம் கோரிப்பாளையம் சிக்னலில் எனக்கு முன்னால் நின்ற காரிலிருந்து ஆவி கிளம்பியது. கூடவே, கொதித்த கூலன்ட்டின் அந்தத் தித்திப்பு வாடை. வண்டிக்காரர் இறங்கி பானெட்டைத் தூக்கினார். பக்கத்து ஆட்டோக்காரர் இருந்த இடத்தை விட்டு அசையாமலே தீர்ப்புச் சொன்னார்: "ஏசியப் போட்டு ஓட்டிருப்பீக. வேற என்ன." வண்டிக்காரரும் திருடிப் பிடிபட்டவர்போலத் தலையாட்டினார். உங்கள் கட்சிக்கு இன்னும் ஆள் குறையவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பாசத்தினால் என்று நினைத்துவிடாதீர்கள்.

துக்கம் கேட்க வந்த எல்லோரும் உங்களைப் புகழ்ந்தார்கள். உடம்புக்கு முடியாத மனைவியை ஒரு நாள்கூட பஸ்ஸில் ஏற்றாத மனிதர் என்றார்கள். அது உண்மை. அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதானதிலிருந்து, டயாலிசிஸுக்காகத் திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வாராவாரம் நீங்கள்தான் ஓட்டிவந்தீர்கள். மழைக்கும் நிற்கவில்லை, பந்த்துக்கும் நிற்கவில்லை. எப்படிக் கூட்டிவந்தீர்கள் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. பின்சீட்டில் அவளோடு உட்கார்ந்து வந்தவள் நான்.

டயாலிசிஸ் முடிந்து வெளியே வரும்போது அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும். வெக்கையில் வைக்காதீர்கள், மயங்கினால் ஆபத்து என்று டாக்டர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். நீங்களும் பெரிதாகத் தலையாட்டினீர்கள். ஆனால் ஊருக்குள் நின்று நின்று போகும் வரைக்கும் உங்கள் வண்டியின் ஏசி அனலைத்தான் ஊதும். இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறும். உடனே ஏசியை அமர்த்திவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொல்வீர்கள். பஸ் புகையும் வெயிலும் உள்ளே வரும். பசுமலை தாண்டி வண்டி வேகமெடுத்த பிறகு போட்டால், அதே ஏசி ஜில்லென்று குளிரும். "டவுனுக்குள்ள ஏசி போட்டா இன்ஜின் ரத்தத்த உறிஞ்சிரும்" என்பது உங்கள் விளக்கம். அதைக் கேட்டு யாரும் சிரிக்காததுதான் எனக்கு ஆச்சரியம்.

ஓடினால் குளிர்கிறது, நின்றால் சுடுகிறது என்றால் குறைவது காற்றுதானே? ஏசி, காருக்குள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்து வண்டியின் மூக்கில் இருக்கும் கண்டன்சரில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. அதன் முதுகுக்குப் பின்னால் இன்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர். ஓடும்போது எதிர்க்காற்று இரண்டையும் ஆற்றிவிடும். நிற்கும்போது விசிறிதான் காற்றை இழுக்க வேண்டும். அதனால் ஏசியைப் போட்டதுமே, இன்ஜின் குளிர்ந்து கிடந்தாலும், விசிறி சுழல வேண்டும். சுழலாவிட்டால் அந்தச் சூடெல்லாம் ரேடியேட்டர்மீதே படியும். ஏசியும் குளிராது, இன்ஜினும் கொதிக்கும். இதற்கு நான் படித்த எம்.எஸ்சி.கூடத் தேவையில்லை.

ஒரு காலையில் உங்கள் வீட்டு வாசலில் ஏசியைப் போட்டுவிட்டு பானெட்டைத் திறந்தேன். இரண்டு விசிறிகளில் ஒன்று செத்துக் கிடந்தது. அதன் ப்ளக் தனியே தொங்கியது. அதன்மேல் அழகாக டேப் வேறு சுற்றியிருந்தது. அக்கா உள்ளே படுத்திருந்தாள். நீங்கள் காப்பி டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தீர்கள்.

"அத நாந்தான் கழட்டச் சொன்னேன்."

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையாகச் சொன்னீர்கள். வண்டி வாங்கிய புதிதில், இன்ஜின் சூடாகும் முன்பே அந்த விசிறி சுற்றுவதைப் பார்த்தீர்களாம். சூடே இல்லாதபோது எதற்குச் சுற்ற வேண்டும்? கம்பெனிக்காரன் வயரை மாற்றி மாட்டிவிட்டான், பேட்டரி வீணாகிறது என்று நீங்களே முடிவு செய்து மெக்கானிக்கை அதட்டிக் கழற்ற வைத்தீர்கள். சரியாக வேலை செய்த ஒரே காரணத்துக்காக அது தண்டிக்கப்பட்டது. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏத்தா, நீ படிச்சது புஸ்தகத்துல. நான் இருவது வருசமா ஸ்டியரிங்கப் புடிக்கிறவன்" என்றீர்கள். நான் ப்ளக்கை மாட்டிவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வருவதற்குள் மறுபடி கழற்றியிருந்தீர்கள்.

அந்தக் கத்திரி வெயிலில் பழங்காநத்தம் நெரிசலில் மாட்டிக்கொண்டோமே, அந்த நாளைச் சொல்கிறேன். ஏசியை அமர்த்தினீர்கள். கண்ணாடிகள் இறங்கின. அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது. நெற்றி வியர்த்துக் குளிர்ந்திருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. அதே நேரம் முன்னால் ஆவி வந்தது. நீங்கள் இறங்கி ஓடினீர்கள். அவள் முகத்தில் தெளிக்கவென்று நான் கொண்டுவந்திருந்த தண்ணீர் கேனை எடுத்து ரேடியேட்டர்மேல் ஊற்றினீர்கள். நானும் பழக்கடைப் பெண்மணியும்தான் அவளைத் தூக்கிக் கடை நிழலில் கிடத்தினோம். அந்தப் பெண்மணி உங்களைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணே, வண்டி எங்கயும் ஓடிப்போகாது. அந்தத் தண்ணிய இங்கிட்டுக் கொண்டாங்க."

மிச்சமிருந்ததைக் கொண்டுவந்தீர்கள். அக்கா கண் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு என்னாச்சு?"

அதற்குப் பிறகும் நீங்கள் அந்த ப்ளக்கை மாட்டவில்லை. இனிமேல் ஏசியே வேண்டாம் என்று அறிவித்தீர்கள். தெரியாமல் செய்ததை விட்டுவிடலாம். தெரிந்த பிறகும், கொழுந்தியா சொல்லித் தான் கேட்பதா என்று அவளை வெயிலில் ஏற்றிவந்தீர்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது? மழைக்காலம் முடியும் முன் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோய்விட்டது. இறந்தவரைக் குறை சொல்லக்கூடாது என்கிறார்கள். உயிரோடு இருந்தபோதும் நீங்கள் சொல்ல விடவில்லையே.

காரியம் முடிந்த மறுநாள் சாவியை வாங்கி, டேப்பைப் பிய்த்து ப்ளக்கை மாட்டினேன். 'டக்' என்றது. அவ்வளவுதான் வேலை.

இப்போது அக்காவை நான்தான் கூட்டிவருகிறேன். முதல் தடவை திரும்பும்போது பழங்காநத்தத்தில் வெகுநேரம் நின்றோம். விசிறியின் இரைச்சல் கேட்டது. குளிர் குறையவில்லை, முள்ளும் அசையவில்லை. அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "எம்புட்டுக் குளுமையா இருக்கு. இது அப்பவே வந்திருக்கணும்ல?" என்றாள்.

சொல்ல எல்லாமே என் நாக்கு நுனியில் இருந்தது. பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"பழுதாகிக் கெடந்துச்சுக்கா. யாருக்கும் தெரியல. இப்பத்தான் மாத்துனேன்."

"அதான பாத்தேன்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். "அவுகளுக்குத் தெரிஞ்சிருந்தா என்னைய அப்படி வேக விட்டிருப்பாகளா?"

"மாட்டாக" என்றேன்.

ஒவ்வொரு தடவை அவளை ஏற்றும்போதும் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். அது அவளுக்காகச் சொன்னது. உங்களைப் பற்றி என் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல சொல் அதுதான், அத்தான். அதுவும் பொய்.