மறைவுப் பட்டியலில் ஒன்பதாம் பெயர்

டிசம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மாமியின் படுக்கை விரிப்பு மூன்றும் ஹாலில், ஃபேனுக்குக் கீழே.

மூன்று பேப்பரும் பார்த்தாயிற்று. குறிப்பு:
– வடக்கே ஒரு முதல்வர் ராஜினாமா. (இந்த வருடத்தில் எத்தனையாவது? பழைய தாளில் பார்க்க வேண்டும்.)
– இரண்டு கவர்னர்கள் இடமாற்றம்.
– மத்திய அமைச்சர் ஒருவரின் இலாகா போய்விட்டது. பேப்பரில் 'கூடுதல் பொறுப்பிலிருந்து விடுவிப்பு'.
– குற்றாலம் மெயினருவியில் குளிக்கத் தடை. (இது புத்தகத்துக்கு இல்லை.)

ஐந்து வருடமாக இதே வேலை. பதவியேற்றவர், விலகியவர், மறைந்தவர், மாநாடு, விருது. மாதம் ஒரு தாள். டிசம்பரில் எல்லாம் சேர்த்து 'ஆண்டு நிகழ்வுகள்' என்று கோச்சிங் சென்டர் ஒரு புத்தகம் போடும். அரசு வேலைப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் அதைத்தான் உருப்போடுகிறார்கள். நாட்டில் யார் எந்த நாற்காலியை விட்டு எழுந்தார், யார் உட்கார்ந்தார், எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் தென்காசியை விட்டு வெளியே போய் இரண்டரை வருடம். மாமி குளியலறையில் விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து. குற்றாலம் பக்கத்தில்தான். அங்கும் போகவில்லை.

கடைசி புரூஃப் இன்று கொடுக்க வேண்டும். மறைவுப் பட்டியலில் எட்டுப் பேர். மூத்த தலைவர் ஒருவர், பழைய மத்திய அமைச்சர், ஆறு நாளாக ஆஸ்பத்திரியில், மூச்சுக்குழாயோடு. சென்டர் சார் போன்: "டீச்சர், அவரையும் போட்டிருங்க. புத்தகம் பைண்டிங் முடியதுக்குள்ள போயிருவாரு. விட்டுட்டா பிள்ளையளுக்கு ஒரு மார்க் போயிரும்லா."

ஒன்பதாவதாக எழுதினேன். தேதிக்கு இடம் விட்டு, 'டிசம்பர்' என்று மட்டும்.

மாமிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. நாளை வாங்க வேண்டும்.

டிசம்பர் 9, செவ்வாய்

மழை நின்றது. மேலே மலை தெரியவில்லை, ஒரே மேகம்.

பதினொரு மணிக்கு மெசேஜ். கலந்தாய்வுக்கு அழைப்பு. 19, வெள்ளி, காலை, சென்னை. அசல் சான்றிதழ்களுடன். இளநிலை உதவியாளர்.

மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை கண்ணாடி போட்டுக்கொண்டு.

போன வருடம் பிள்ளைகளோடு பிள்ளையாக நானும் போய் எழுதியது. "சும்மா எழுதிப் பாக்கேன்" என்றுதான் சவுதியில் இருக்கும் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். வராவிட்டால் வாய்ப்பு ரத்து என்று மெசேஜில் தெளிவாகப் போட்டிருக்கிறார்கள். வயது நாற்பத்தாறு. இன்னொரு மெசேஜ் வராது.

யாரிடமும் சொல்லவில்லை. மாத்திரை வாங்க மறந்துவிட்டேன்.

டிசம்பர் 11, வியாழன்

வெயில். விரிப்புகள் காய்ந்தன.

புத்தகம் வந்துவிட்டது. மை வாசனை. அந்தத் தலைவர் போகவில்லை. மூன்று நாளாகக் காலையில் முதலில் தேடுவது அவர் செய்தியைத்தான். நேற்று 'நிலைமை சீராக உள்ளது'. இன்று 'இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார்'.

கஞ்சி என்று படித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அதைப் பொய் சொல்லாமல் இங்கே எழுதி வைக்கிறேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர் கஞ்சி குடித்ததற்கு எரிச்சல்.

டிசம்பர் 12, வெள்ளி

ஜும்ஆ தொழுதுவிட்டு அவர் போன். தம்மாமில் குளிராம். ஸ்பீக்கரில் போட்டேன், உம்மாவிடமும் பேசட்டும் என்று. மாமி கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்து விஷயத்தைச் சொன்னேன்.

"நல்லதுதான். ஆனா உம்மாவ யாரு பாப்பா?"

"உங்க தங்கச்சிட்ட கேட்டுப் பாக்கவா?"

"ஜமீலாவா? அவ மாப்பிள்ளைக்கு எலுமிச்சங்கா சீசன்ல மூச்சு விட நேரமில்ல. நம்ம மகளை ஹாஸ்டல்ல இருந்து கூப்பிடலாம்னா அவளுக்குப் பரீட்சை. நான் என்ன வேண்டாம்னா சொல்லுதேன்? உம்மா இருக்கிற வரைக்கும் பொறு. பொறவு உன் இஷ்டம். நான் குறுக்க நிக்க மாட்டேன்."

"சரி."

கோபமாகச் சொல்லவில்லை. பிரியமாகத்தான் சொன்னார். அதுதான்.

உம்மா இருக்கிற வரைக்கும். போனை வைத்த பிறகு அடுப்படியில் நின்று அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எனக்கும் தேதிக்கு இடம் விட்ட ஒரு பட்டியலைக் கையில் கொடுத்திருக்கிறார்.

இன்று மாமிக்குக் கஞ்சி கொடுக்கும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. முழுக் கிண்ணமும் குடித்தார்.

டிசம்பர் 14, ஞாயிறு

ஐயப்பசாமிமார் கூட்டம். குற்றாலம் ரோடு முழுக்க வேன். அருவியில் தடையை எடுத்துவிட்டார்கள் போல.

அந்தத் தலைவர் வீடு திரும்பினார்! சக்கர நாற்காலியில், கை ஆட்டிக்கொண்டு, முதல் பக்கத்தில். சென்டரில் பிள்ளைகள் புத்தகத்தையும் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட்டுவிட்டார்கள். 'டீச்சர் போட்டுத் தள்ளிட்டாங்க.' கீழே சிரிக்கிற முகங்கள் வரிசையாக.

சார் சிரிக்கவில்லை. "என்ன டீச்சர், செக் பண்ண வேண்டாமா?" தான் சொன்னது ஞாபகம் இல்லை அவருக்கு. நானும் ஞாபகப்படுத்தவில்லை. எழுதியது என் கை.

சாயங்காலம் ஆட்டோவில் கட்டுக்கட்டாகப் புத்தகம் வந்து இறங்கியது. ஒன்பதாம் வரிமேல் வெள்ளைச் சீட்டு ஒட்டித் தர வேண்டும், எல்லாவற்றிலும்.

டிசம்பர் 15, திங்கள்

தூறல். பசைக்குச்சி ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிட்டது. மாமிதான் மைதா காய்ச்சச் சொன்னார். தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைத்தேன். நான் பக்கத்தைத் திறந்து கொடுக்க, மாமி ஒட்டினார். எழுத்து தெரியாது, ஆனால் ஒரு சீட்டுகூடக் கோணவில்லை.

"இது யாருட்டி?"

"பழைய மந்திரி மாமி. உசுரோட இருக்காரு. மௌத்துன்னு போட்டுட்டோம்."

"யாரு போட்டா?"

"நான்தான்."

"அப்படி என்ன அவசரம் ஒனக்கு?"

"புத்தகத்துக்கு அவசரம்."

இன்னும் நாலு ஒட்டினார். "என்னைய எந்தப் பக்கத்துல போட்டிருக்கே?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் விரல் சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"வெள்ளிக்கெழம அவன் பேசினது கேட்டுச்சு. இடுப்புதான் ஒடிஞ்சிருக்கு. காது ஒடியல."

நான் அடுத்த பக்கத்தைத் திறந்தேன்.

"அவனுக்குச் சரின்னே. என்ட்ட ஒரு வார்த்த கேட்டியா? நான் என்ன கயித்தக் கட்டியா ஒன்ன வச்சிருக்கேன்?"

கேட்கவில்லை. உண்மை. ஏன் என்று இப்போது உட்கார்ந்து யோசிக்கிறேன். மாமி போகாதே என்று சொல்லியிருந்தால் ஆயுசுக்கும் குறை சொல்ல ஒரு ஆள் கிடைத்திருக்கும். போ என்று சொல்லியிருந்தால் போக வேண்டியிருந்திருக்கும். இரண்டும் பயம்.

பசைக் கையோடு போனை வாங்கினார். நம்பர் போட்டுக் கொடுத்தேன், புளியங்குடிக்கு.

"ஏட்டி ஜமீலா, நான் மௌத்தானா எத்தன நாளு வந்து இருப்பே?"

அந்தப் பக்கம் அலறல். "யா அல்லா, என்ன செய்யுதும்மா? யாரு பக்கத்துல இருக்கா?"

"அழாத. கேட்டதுக்குச் சொல்லு. மூணாம் பாத்திஹா வரைக்கும் இருப்பேல்லா?"

"என்ன பேச்சும்மா இது..."

"அந்த மூணு நாள இப்பமே வந்து இருந்துட்டுப் போ. ஒன் மைனிக்கு மெட்ராசுல சோலி கெடக்கு. பொறவு மெய்யா மௌத்தாகும்போது நீ வரலேன்னாலும் நான் எந்திரிச்சு ஒண்ணும் கேக்க மாட்டேன்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். "பசை ஆறுது. கெட்டியாப் போயிரும். பக்கத்தத் திற."

டிசம்பர் 16, செவ்வாய்

எடுக்க வேண்டியவை: டி.சி., டிகிரி, சாதிச் சான்றிதழ், ஆதார், நாலு போட்டோ, ஜெராக்ஸ் இரண்டு செட். மாமி மாத்திரைக்கு ஜமீலாவுக்கு ஒரு சீட்டு. பல்தூள். குடை.

டி.சி.யில் 'நன்னடத்தை' என்று இருக்கிறது. இருபத்தைந்து வருடப் பழுப்பு.

தம்மாமிலிருந்து ஒரே மெசேஜ்: 'உம்மாவை ஏன் இப்படிப் பேச வச்சே?' பதில் எழுதி எழுதி அழித்தேன். மாமியிடம் சொன்னேன். "அவன் கெடக்கான்" என்றார்.

மூன்று பேப்பரும் பிரிக்காமல் கிடக்கின்றன. நாட்டில் யாராவது ராஜினாமா செய்திருந்தால் செய்துகொள்ளட்டும்.

டிசம்பர் 18, வியாழன்

மேகமூட்டம், மழை இல்லை. நேற்று எழுத நேரமில்லை, ஜெராக்ஸ் கடையில் கரண்ட் இல்லாமல் இரண்டு மணி நேரம் நின்றேன்.

மத்தியானம் ஜமீலா பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பை எலுமிச்சம்பழம், தூக்கி வைத்த முகம். "உங்களுக்கு யோகம்தான் மைனி. எங்க மாமியா ஒரு நாளு எனக்கு இப்படிப் பேசுவாவளா?"

மாத்திரையைக் காட்டிக் கொடுத்தேன். வெள்ளை காலையில், மஞ்சள் சாப்பாட்டுக்குப் பிறகு. புரட்டிப் படுக்க வைக்கும்போது இடது பக்கம் தாங்கிப் பிடிக்க வேண்டும். எல்லாம் சொல்லி முடித்து, திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். ஜமீலா, "மைனி, அது என் உம்மா" என்றாள்.

மாமி கையைப் பிடித்துக்கொண்டு: "மூணு நாளுதான். நாலாம் நாளு நான் உசுரோடதான் இருப்பேன், பாத்துக்க."

வேலை கிடைத்தால், எந்த ஊரில் போட்டாலும், நாலாம் நாளிலிருந்து என்ன? அதை யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஆட்டோ வந்துவிட்டது.

இதை ரயிலில் எழுதுகிறேன். ஜன்னல் ஓரம் இல்லை, நடு இருக்கை. கடையநல்லூர் தாண்டியாயிற்று. எழுத்து ஆடுகிறது. எதிரில் ஒரு அம்மா பூரியைப் பிரித்துவிட்டார். யாரோடு போகிறேன் என்று கேட்டார். தனியாக என்றேன். சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சங்கரன்கோவிலில் நிற்கும்போது சாரின் மெசேஜ்: 'டீச்சர், அவரை மறுபடி அட்மிட் பண்ணியாச்சு. சீரியஸ்னு சொல்றாங்க. மிச்சப் புத்தகத்துல சீட்டு ஒட்ட வேண்டாம். ரெண்டு நாள் பொறுத்துப் பாப்போம்.'

வீட்டுக்குப் போன் போட்டேன். மாமிதான் எடுத்தார்.

"எத்தனை மிச்சம் இருக்கு மாமி?"

"ஒரு கட்டு. ஜமீலா திறந்து தாரா, நான் ஒட்டுதேன். அவ ஒழுங்காப் புடிக்க மாட்டுக்கா. ஏன், நிறுத்தவா?"

"வேண்டாம் மாமி. ஒட்டுங்க."