கழிப்பறைக் கதவில் தெஹெயுரா

மார்ச் 4, திங்கள்

காலையிலிருந்து மழை. பாப்பேத்தே விமானம் தாமதம், ஓட்டல் வரவேற்பு மேசையில் எனக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் மேலாளர் முசியே பெர்த்தோ, பாரிஸிலிருந்து வரவழைத்த பழைய படங்களை மாட்ட வைத்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஹுவாஹினே தீவுக்கு வந்த வெள்ளைக்காரக் கப்பல்களில் இருந்தவர்கள் வரைந்தவை. ஊர் திரும்பியதும் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தார்களாம். உணவுக்கூடத்தில் படகுகள். வரவேற்பறையில் மலை. பெண்கள் கழிப்பறைக் கதவில் ஒரு பெண்.

படத்துக்கு அடியில் பெயர் இருந்தது, பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி. எழுத்துக் கூட்டி வாய்விட்டுப் படித்தேன். தெ-ஹெ-யு-ரா.

எங்கள் குடும்பத்துப் பெயர். தலைமுறைக்கு ஒருத்திக்கு வைப்போம். கடைசியாக மாயிரே அத்தையின் மகளுக்கு வைத்தது. அவள் நோயில் போய் மூன்று வருடம் ஆகிறது.

மார்ச் 5

அது எங்கள் குடும்பத்துப் பெயர், கழிப்பறைக் கதவில் வேண்டாமே என்று முசியேவிடம் சொன்னேன். "இருநூறு வருஷத்துக்கு முந்தின ஆளும்மா, யாருக்கு வலிக்கப் போகுது?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 8, வெள்ளி

ஓட்டலின் வெள்ளி விருந்தில் பாடுவது அத்தையின் தேவாலயச் சபைக் குழுதான். இன்று வருவார்கள் என்று தெரியும். படத்தின் மேல் ஒரு துண்டையாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

கழிப்பறைப் பக்கம் போன குழுப் பெண்கள் படத்தைச் சுற்றி நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தைதான் அதிகம்.

"மூக்கைப் பாருங்கடி. இது நம்ம ஊரு மூக்கா? எந்தப் பிரெஞ்சுக்காரி மூக்கையோ கொண்டாந்து ஒட்டி வச்சிருக்கான்!"

அத்தையிடம் மூக்குக்கண்ணாடி இல்லை. "வைரேயா, கீழ என்னமோ எழுதியிருக்கே, படி" என்றார்.

படித்தேன். சிரிப்பு நின்றது.

"நீ எப்பப் பாத்த?"

"திங்கக்கிழமை, அத்தை."

"ம்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எல்லாப் பாட்டையும் பாடி முடித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனால் ஒருத்தியும் அந்தக் கதவைத் திறக்கவில்லை. பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லித் தென்னந்தோப்புக்குள் போனார்களாம். வண்டி ஓட்டும் புனுவா சொன்னான்.

மார்ச் 10

சபையில் அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 15, வெள்ளி

நடந்தது நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

சீக்கிரமே வந்தார்கள். மேடைக்குப் போகவில்லை. நேராகக் கழிப்பறைத் தாழ்வாரத்துக்குப் போய்ப் பாய் விரித்தார்கள். அத்தை படத்துக்கு மாலை போட்டார். உட்கார்ந்தார்கள். சபைப் பாட்டு ஆரம்பித்தது — அடிவயிற்றிலிருந்து வரும் எங்கள் பாட்டு, தரையே அதிர்ந்தது.

விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒரு ஜெர்மன்காரப் பெண்மணி உள்ளே போகலாமா என்று என்னிடம் கேட்டார். தாராளமாக என்றேன். படத்தைப் பார்த்தார், பாட்டுக்காரர்களைப் பார்த்தார், காலை இடுக்கிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

முசியே முகம் சிவந்து ஓடிவந்தார். "வைரேயா! உங்க ஆளுங்கதானே? எழுப்பி விடு!"

மேசையை விட்டு வெளியே வந்தேன். எழுப்பத்தான் போகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். போகும்வரை எனக்கே தெரியாது. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அத்தை பாட்டை நிறுத்தாமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

என் குரல் உடைந்து உடைந்துதான் வந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

மார்ச் 16, சனி

வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போனேன். என் மேசைமேல் படம் கிடந்தது, மாலையோடு.

"எடுத்துட்டுப் போ" என்றார் முசியே. போனவர் திரும்பி வந்து, தொண்டையைச் செருமினார். "விருந்தாளிங்க எல்லாரும் பாட்டு பிரமாதம்னு சொல்றாங்க. வாராவாரம் அங்கேயே பாடுவாங்களான்னு கேளேன்."

படத்தை அத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் கேட்டதை அப்படியே சொன்னேன். "கக்கூஸ் வாசல்ல ஒரு தடவைதான் பாடுவோம்னு சொல்லு."

பாவாடை நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"திங்கக்கிழமையே வந்து சொல்லியிருக்கலாம்லடி?"

"பயமா இருந்துச்சு, அத்தை."

"வேலை போயிடும்னா?"

"அதுவும்தான். உங்க மொகத்தப் பாக்கவும்."

அதற்குப் பிறகுதான் அழுதார். தெஹெயுரா, தெஹெயுரா என்று. மகளை அடக்கம் செய்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

மார்ச் 20, புதன்

ஆண்கள் பக்கக் கதவை நாங்கள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. "அங்கயும் ஒருத்தர் நிக்கறாரே" என்று இன்று புனுவா சொன்னான். ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். தலையில் இறகு, தொடையெல்லாம் பச்சை குத்திய ஆள். கீழே 'தீவுவாசி' என்று மட்டும் இருந்தது.

"பேரே இல்ல, அத்தை. யாரோ."

"வரைஞ்சவன் கேட்டிருக்க மாட்டான். அதுக்காக அவரைக் கக்கூஸ்லயே விட்டுருவியா?"

நேராக முசியேவிடம் போய்க் கேட்டேன். இந்தத் தடவை சிரிக்கவில்லை. கொடுத்துவிட்டார்.

மார்ச் 31, ஞாயிறு

சபை முடிந்து அத்தை வீட்டில் சாப்பாடு. பன்றிக்கறி, சுட்ட ஈரப்பலா, தேங்காய்ப்பாலில் மீன். சுவரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில்.

ஃபீத்தீ ஊரிலிருந்து வந்த ஒரு பெரியவர் படத்து ஆளையே வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தத் தாடை எங்கள் வீட்டுத் தாடை என்றார். மாயேவா ஊர்க்காரர்கள் விடவில்லை, தொடையில் இருக்கும் பச்சைக்குத்து எங்கள் பக்கத்துக் குத்து என்றார்கள். குரல் உயர்ந்துவிட்டது. நான் சமாதானம் செய்ய எழுந்தேன். அத்தை என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அடிச்சுக்கட்டும் விடு. இத்தனை வருஷம் கேக்க ஆளில்லாம நின்னாரு. இப்ப ரெண்டு வீடு கேக்குது."

அடுத்த ஞாயிறும் வருகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் இரண்டு கூட்டமும் போனது. இன்னும் இரண்டு பாய் வாங்க வேண்டும்.