ஜப்பான் படத்துக்கு நான் சொன்ன கதை

1987, ஆடி 14

குரங்கணிக்கு மேலே எஸ்டேட் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் இன்று சாயங்காலம் என் வீடியோ டெக்கில் படம் போட்டேன். கேசட் கடை காதர் பாய் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் பொம்மைப் படம். "இந்த டைரக்டரு எடுத்தது எதுவும் தியேட்டருக்குப் போனதில்லண்ணே. எல்லாம் நேரா கேசட்டுதான்" என்றார் பாய், காலையில் கடையில் கேசட்டைக் கொடுக்கும்போது. "நம்மள மாதிரி தியேட்டருக்கு வெளிய நிக்கிற ஆளுன்னு சொல்லுங்க" என்றேன்.

பாஷை யாருக்கும் புரியாததால் வழக்கம்போல நானே கதை சொன்னேன். ஒரு சிறுமி மழையில் தனியாக நடந்தாள். "மாமியாகூடச் சண்ட போட்டுட்டு ஆத்தா வீட்டுக்குப் போறா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏலக்காய் எடுக்கும் பேச்சியம்மா மட்டும், "பேசாம இருங்கண்ணே. அது செத்துப்போன புள்ள. ஆத்தாவத் தேடி வருது" என்றாள்.

போன மாதம் ஜீப்பு கவிழ்ந்து அவள் மகள் போனது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு கதை சொல்வதை நிறுத்திவிட்டேன். படத்தில் அந்தச் சிறுமி வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டாள். உள்ளே இருந்த தாய்க்குக் கேட்கவில்லை.

டெக்கைக் கட்டும்போது பேச்சியம்மா பக்கத்தில் வந்தாள்.

"இத எடுத்தவருக்கும் புள்ள போயிருக்குமாண்ணே?"

"தெரியல தாயி."

"பாயிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

கேட்டால் பாய்க்கு மட்டும் என்ன தெரியும். ஆனாலும் காலையில் போய்க் கேட்க வேண்டும்.