சரக்குப் பெட்டியில் ஒரு குடித்தனம்

புடாபெஸ்ட்,
சரக்கு ரயில் நிலையம்,
1921 நவம்பர் 14.

அன்புத் தங்கை எத்தெல்காவுக்கு, உன் அக்கா ஹெர்மினா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை லாயோஷும் தேஷில் சுகமாக இருக்க வேண்டும். ஒரு வருஷமாகக் கடிதம் போடாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று கேட்பாய். கேள், திட்டு. ஆனால் கிழித்துப் போட்டுவிடாதே, முழுக்கப் படி.

நாங்கள் இன்னும் ரயில் பெட்டியில்தான் குடியிருக்கிறோம். மாடு ஏற்றுகிற பெட்டி. போர் முடிந்து நம் தேஷ் ருமேனியாவின் கைக்குப் போனதும், புது அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று வேலையை உதறிவிட்டு உன் அத்தான் எங்களை இதில் ஏற்றினார். பத்து நாளில் தலைநகரில் வீடு கிடைக்கும் என்றார். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நடுவில் ஓர் இரும்பு அடுப்பு, அதைச் சுற்றி நம் அம்மாவின் அலமாரி, இரண்டு கட்டில். முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும்தான் சாப்பாடு. பக்கத்துப் பெட்டியில் ஒரு நீதிபதியின் மனைவி இருக்கிறாள். எங்களிடம் வருவதென்றால் முதலில் பெயர் அச்சடித்த அட்டையைக் கொடுத்தனுப்புவாள், அப்புறம்தான் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஏறுவாள். சிரிக்காதே, நானும் பதிலுக்கு அட்டை அனுப்புகிறேன்.

உன் அத்தான் தினமும் கோட்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அமைச்சரகத்துக்குப் போகிறார். நாளைக்கு வாருங்கள் என்கிறார்களாம். பதிவு அலுவலகத்தில் இருபது பேருக்கு உத்தரவு போட்டவர், அங்கே வாசலில் நிற்கிறார். உன் வீட்டுக்காரர் பிரமாணம் எடுத்து வேலையைக் காப்பாற்றிக்கொண்டதை இன்னும் அவரால் மன்னிக்க முடியவில்லை. கிளம்பிய அன்று மாப்பிள்ளை நீட்டிய கையைத் தொடாமல் அவர் திரும்பிக்கொண்டபோது நான் வாயை மூடிக்கொண்டு நின்றேனே, அதற்கு என்னை எப்படி வேண்டுமானாலும் ஏசு.

என் பிள்ளை பிரோஷ்காவைப் பற்றித்தான் எழுத வந்தேன். மார்ச்சில் ஆறு வயசு முடிந்தது. செப்டம்பரிலிருந்து இருமல். டாக்டர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இந்தப் பனிக்காலத்தையும் பெட்டியிலேயே கழித்தால் பிள்ளை தேறாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

போன வியாழக்கிழமை காய்ச்சலோடு தூங்கிக்கொண்டிருந்தாள். நான் குழாயடிக்குப் போனேன். வாளியோடு திரும்பி வந்தால் பெட்டியைக் காணோம். வெறும் தண்டவாளம். நிலக்கரி வண்டிக்கு இடம் வேண்டுமென்று இஞ்சினை மாட்டி இழுத்துப் போய்விட்டார்கள். உள்ளே ஆள் இருக்கிறதா என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐயோ எத்தெல்கா, நான் ஓடிய ஓட்டம்! சாயங்காலம்தான் ஊர்க்கோடியில் கண்டுபிடித்தேன். கதவைத் தள்ளினால், கோட்டும் தொப்பியும் மாட்டிக்கொண்டு, பூட்ஸை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். அழவே இல்லை. நம்ம ஊர் வந்துடுச்சாம்மா, சித்தி ஸ்டேஷனுக்கு வந்திருக்காளா என்று கேட்டாள்.

அவளை நீ எடுத்துக்கொள், எத்தெல்கா. உனக்குப் பிள்ளை இல்லை என்பதற்காகக் கேட்கவில்லை. உன் வீட்டில் சூடான அறை இருக்கிறது, அதற்காகக் கேட்கிறேன். காய்ச்சல் இப்போது இறங்கியிருக்கிறது. இங்கே ரொட்டிக்கடை வைத்திருக்கும் தெரேஸ் டிசம்பர் முதல் வாரம் தேஷுக்கு வருகிறாள், கூடவே அழைத்து வருவாள். உன் அத்தானிடம் இன்னும் சொல்லவில்லை. வண்டி கிளம்பிய பிறகு சொல்வேன். கத்தினால் கத்தட்டும். பதிலைத் தெரேஸின் கடை விலாசத்துக்குப் போடு, உறையின் பின்னால் எழுதியிருக்கிறேன்.

பாலில் ஆடை மிதந்தால் குடிக்க மாட்டாள். படுத்ததும் யாராவது பாதத்தைப் பிடித்துக்கொண்டால்தான் தூக்கம் வரும். முதல் வாரம் என்னைக் கேட்டு அழுவாள், அப்புறம் குறைந்துவிடும். எப்போதாவது வாய் தவறி உன்னை அம்மா என்று கூப்பிட்டால், சித்தி என்று திருத்தாதே. நீ நன்றாக இருப்பாய்.

உன் அக்கா,
ஹெர்மினா